இருவர் ஏறும் வண்டி

மாத்தளையில் ஒருவன் ஒரு மோட்டார் வண்டியை வாங்கி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால், அயலார் கேட்கும் முதற் கேள்வி அதன் விலையைப் பற்றியதன்று. "எத்தனை பேர் போகலாம்?" என்பதே அது. ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பது அடுத்த கேள்வி. நாளை விற்றால் என்ன கிடைக்கும் என்பது மூன்றாவது. விலை நாலாவதாகத்தான் வரும்; அதுவும் சற்றுத் தணிந்த குரலில்.

இந்தக் கேள்விகளில் எதற்கும் திருப்தியான விடை சொல்ல இயலாத ஒரு வண்டியை நான் வாங்கியிருக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்தது அது, பெயர் எம்.ஜி. மிட்ஜெட். இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரில் 1961 ஆம் ஆண்டு முதல் 1979 வரை செய்யப்பட்டது. மிட்ஜெட் என்றால் குள்ளன் என்று பொருள். பெயருக்கேற்ப நீளம் 11 அடிக்குச் சற்று மேல். துணிக்கூரையை மடித்து வைத்தால் உயரம் என் இடுப்பளவு. இருக்கைகள் இரண்டே இரண்டு. எங்கள் வீட்டிலோ நாங்கள் நால்வர். இதை முதன்முதல் பார்த்த என் மனைவி, "வீட்டில் நிற்கப் போகும் இருவர் யார் யார் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்றாள்.

வேகத்துக்காக வாங்கினேன் என்று பலர் எண்ணுகிறார்கள். இதன் இயந்திரம் 1275 சி.சி.; வலு 65 குதிரைகள். இன்றைக்குச் சந்தைக்கு மீன் வாங்கப் போகும் சாதாரணக் காருக்குக்கூட அவ்வளவு வலு உண்டு. ஆனால் இந்த வண்டி எடை குறைந்தது, தரையோடு தாழ்ந்தது, வளைவிலே அதிகம் சாய்வதில்லை. ஸ்டியரிங்கைச் சிறிது அசைத்தால் சக்கரம் உடனே அந்தப் பக்கம் திரும்பும். சாலை மேடு பள்ளங்களை ஓட்டுகிறவன் உள்ளங்கையிலேயே உணரலாம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திலேயே இந்த இன்பம் முழுவதும் கிடைத்துவிடுகிறது. இதை நான் விளக்கும்போதெல்லாம், கேட்பவர்கள் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "அது சரி, பின்னால் ஸீற் போட முடியாதா?" என்று கேட்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 2022 ஆம் ஆண்டில் இந்நாட்டு மக்கள் பெற்றோலுக்காக இரவும் பகலும் வரிசையில் நின்றதை யார் மறக்க முடியும்? அந்த ஆண்டு ஜூலையில் பங்கீடு தொடங்கியபோது, காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறி, கார் என்பது நகை நட்டுப் போல ஒரு சேமிப்பாகவே ஆகிவிட்டது. என் வீட்டாரோ தோட்டத்தில் பேர் பதிந்து உழைத்தவர்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவை எட்டியதே 2021 இல்தான். 2024 இல் அது 1350 ஆயிற்று. லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த ஒருவன், பத்து வருடம் சேர்த்த பணத்தை இரண்டு இருக்கைகளில் போட்டால், உறவினர் மனம் பதறாமல் என்ன செய்யும்? "அரை வீடு கட்டியிருக்கலாமேடா" என்றார் என் பெரியப்பா. அவர் சொன்ன கணக்கு சரியானதுதான்.

ஆயினும் மாத்தளைச் சாலைகளின் சரித்திரத்தைப் பார்த்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. 1848 ஆம் ஆண்டு ஆளுநர் டொரிங்டன் காலத்தில் ஒரு வீதிச் சட்டம் வந்தது. ஆண்மக்கள் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், இல்லையேல் மூன்று ஷில்லிங் கட்டவேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாண்டு மாத்தளை கிளர்ந்தெழுந்ததற்கு அந்த வரியும் ஒரு காரணம். கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு, ஓகஸ்ட் 8 ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மலைநாட்டு வீதிகள் கோப்பி மூட்டைகளுக்காகவே பெருகின. அந்தக் கோப்பிக் காலத்தில்தான் நம் முன்னோர் தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாகத் தம்புள்ளை, நாலந்தை கடந்து, நூறு மைலுக்கு மேல் கால்நடையாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் வாந்திபேதி கண்டு விழுந்தவர்கள் எத்தனையோ பேர். கண்டியிலிருந்து இருப்புப்பாதை 1880 இல் வந்தது. அதுவும் மாத்தளையோடு நின்றுவிட்டது.

இவ்வூரில் சக்கரம் என்றாலே சுமைதான். முதலில் கோப்பி, பிறகு தேயிலை, கொக்கோ, மிளகு. லொறியின் பின்புறம் நின்றபடி போன நம் மக்களும் ஒரு வகையில் சுமையாகவே போனார்கள். சுமை ஏற்றாத ஒரு சக்கரம் நம்மவர் ஒருவருக்கும் இருக்கட்டுமே என்பது என் கட்சி.

அப்படிப்பட்ட சக்கரம் மாத்தளைக்குப் புதிதும் அன்று. நகரின் நடுவே உள்ள முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்தையொட்டி ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன. 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தில் கோயிலின் பகுதிகளும் பெருந்தேர்களும் அழிக்கப்பட்டன. வீடு இழந்தோரும் கடை இழந்தோரும் நிறைந்திருந்த ஊரில், தேர் இப்போது எதற்கு என்று நிறுத்திவிடாமல், பின்னர் மறுபடி தேர் செய்து ஓட்டினார்கள். அந்தத் தேர் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று ஒருவரும் கேட்டதில்லை. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் பள்ளிக்கூடத்தில் புகழ்ந்து படிக்கிற நாம், அவன் வீடு திரும்பியபோது மனையாள் என்ன சொன்னாள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை!

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் கணவாய் சுமார் 30 கிலோமீற்றர். இரத்தோட்டை வரை மிளகுக் கொடிகளும் கராம்பும் சாதிக்காயும் நிறைந்த தோப்புகள். அங்கே ஒரு தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தினேன். முகப்பில் எண்கோண வடிவ முத்திரைக்குள் இருந்த இரண்டு எழுத்துக்களைக் கடைக்காரர் கூர்ந்து பார்த்தார். "தம்பி, இது எம்.ஜி.ஆர். ஓட்டின காரா?" என்று கேட்டார். அவர் கண்டியில் பிறந்தவராயிற்றே, ஐயம் நியாயமானதே. இல்லை என்று சொன்ன பிறகும் அவர் தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அதற்கப்பால்தான் சாலை தன் குணத்தைக் காட்டுகிறது. கொண்டையூசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. நடுவழியில் வண்டிக்கு உஷ்ணம் ஏறிவிடும். பாதையோரத்துப் பீலியருகே நிறுத்தி, அது ஆறும்வரை காத்திருந்து, பீலித் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் போதும். மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, மூடுபனி வழியை மறைக்கும். முஷ்டி மடக்கிய விரல்களின் கணுக்களைப் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் இம்மலைக்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டார்கள். 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இது. கணவாயைத் தாண்டினால் காற்றே மாறிவிடுகிறது. ஈரம் போய், பிட்டவலப் பத்தனையின் புல்வெளி வெயிலில் விரிகிறது.

இரண்டே இருக்கைகள் என்பதில் நான் எதிர்பாராத ஒரு நன்மை உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் முறை. நால்வர் உள்ள வீட்டில் தந்தையும் மகளும் மட்டும் இரண்டு மணி நேரம் பேசுவது அரிது. இப்போது அது நடக்கிறது. மகன் தன் முறை வந்தபோது, பள்ளிக்கூடத்தில் தனக்குக் கணிதம் விளங்கவில்லை என்பதை ஏழாவது வளைவில் சொன்னான். வீட்டில் சொல்லியிருக்க மாட்டான்.

அரை வீட்டுக் கணக்குச் சொன்ன பெரியப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சும்மா பார்ப்போம்" என்று ஏறி உட்கார்ந்தார். முழங்கால் மடங்கவே சிறிது நேரம் பிடித்தது. இரத்தோட்டை வரை வாய் திறக்கவில்லை. மலை ஏறத் தொடங்கியதும், தம் பாட்டியின் பாட்டி மன்னாரிலிருந்து நடந்து வந்த கதையைச் சொல்லலானார். கையில் ஒரு குழந்தை. வழியில் இறந்துபோன இன்னொரு குழந்தை. அத்தனை வருடமும் அந்த இரண்டாவது குழந்தையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை. நான் ஒன்றும் பேசாமல் ஓட்டினேன்.

பத்தனையில் இறங்கி, காற்றில் பறந்த சால்வையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். திரும்பும்போது வண்டியை ஒரு முறை சுற்றிவந்து பார்த்தார்.

"அடுத்த ஞாயிறு உன் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு வா" என்றார். "நான் பல்லேகம பஸ்ஸில் வந்து சேர்கிறேன்."