கோட்டுக்கு வெளியே ஒரு கபடி

எங்க மணப்பாறை பக்கம் பொங்கல் வந்தா போதும், ஊருக்கு ஊர் கபடிதான். சின்னப் பசங்க மேட்சுல உள்ளே ஆடறது 14 பேர். வெளியே அப்பா, மாமா, சித்தப்பான்னு ஊரே ஆடும்.

"டேய், கார்னரைப் பாருடா! போனஸ் போடுடா!"

பாடிப் போற பையனுக்கு இருக்கிறதே 30 செகண்டு. எதிர்ல ஏழு பேர். கண்ணு அப்பா பக்கம் திரும்பினா அடுத்த நொடி கணுக்கால் மாட்டிக்கும். அப்புறம் அதே அப்பா, "கவனத்தை எங்கடா வச்சிருந்தே?"ன்னு திட்டுவாரு!

இத்தனைக்கும் கபடி விதியிலேயே இதுக்குப் பதில் இருக்குங்க. பாடிப் போறவனுக்கு அவன் அணிக்காரன் யோசனை சொன்னா எதிரணிக்கு ஒரு பாயின்ட். உள்ளே போனவன் தானாத்தான் முடிவெடுக்கணும், அவ்வளவுதான்.

அமெரிக்காவுல பள்ளிக்கூட அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்துல, கோச் ஓரமா நின்னு நடுவரைத் திட்டினா டீமுக்கே 15 கஜம் அபராதம். ரெண்டாவது தடவை திட்டினா கோச் வெளியே போகணும்.

நம்மூர்ல அப்பாக்களை யாரு கேக்கறது? நடுவரும் பாவம், உள்ளூர்க்காரரு. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், நல்லா பாடுவான். இப்போ "எங்கப்பா வந்தா நான் வரல"ங்கிறான். ஒரு பாயின்ட் போனா பரவால்ல, ஒரு ஆட்டக்காரனே போறான்.

சத்தமே போடாதீங்கன்னு சொல்லல. கபடின்னா சத்தம் இருக்கணும். கை தட்டுங்க, விசில் அடிங்க. யோசனை மட்டும் வேணாம். நன்கொடை குடுத்தவங்க பேரை மைக்குல மணிக்கணக்கா வாசிக்கிறாங்களே, நடுவுல இதையும் ஒரு வரி சொல்லலாமே?

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?