“ரீஃபண்ட் எப்ப வரும் சார்?”

வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் தருபவரிடம் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். இ-வெரிஃபை முடிந்தபின் பொதுவாக நான்கைந்து வாரம் என்கிறது துறையின் போர்டல். பரிசீலனை வேகமெடுத்திருப்பதும் உண்மை. 2019-20 மதிப்பீட்டு ஆண்டில் சராசரியாக 82 நாள் பிடித்தது. 2023-24-இல் 10 நாளாகக் குறைந்ததாக நேரடி வரிகள் வாரியம் அறிவித்தது.

ஆனால், கை பழகிய ஆலோசகர் ‘சப்மிட்’ அழுத்திய அன்றிலிருந்து நாள் எண்ணுவதில்லை. ஆதார் ஓடிபியோ நெட்பேங்கிங்கோ வழியாக ரிட்டர்னை உறுதிசெய்த பிறகே பெங்களூருவிலுள்ள பரிசீலனை மையமான சிபிசி அதைக் கையில் எடுக்கும். உறுதிசெய்யக் கெடு 30 நாள். ஆதாரில் பழைய செல் நம்பர் இருந்தால் அந்த இடத்திலேயே வண்டி நின்றுவிடும்.

முந்திப் போட்டால் முந்தி வரும் என்பது பலருடைய கணக்கு. வைப்புநிதி வட்டியில் வங்கி 10 சதவீதம் வரி பிடித்துவிட்ட ஓய்வூதியர், ஏப்ரலிலேயே பாஸ்புக்கோடு வந்து உட்காருவார். ஆலோசகர் அவரை ஜூனில் வரச் சொல்வார். ஜனவரி–மார்ச் காலாண்டில் பிடித்த வரியின் (டிடிஎஸ்) கணக்கை வங்கி தாக்கல் செய்ய மே 31 வரை அவகாசம் உண்டு. அது ஏறாமல், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவம் முழுமையாகாது. அதற்குள் ரிட்டர்ன் போட்டால், கேட்ட தொகையும் துறையிடம் உள்ள தொகையும் ஒத்துப்போகாது. ரீஃபண்ட் குறையும், அல்லது இழுக்கும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. போர்டலில் முன்கூட்டியே சரிபார்த்த கணக்குக்குத்தான் பணம் போகும். தமிழ்நாட்டில் இங்கே குறுக்கே நிற்பது இனிஷியல். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பாஸ்புக்கில் ஒற்றை எழுத்து. பெயர் பொருந்தவில்லை என்று சரிபார்ப்பு தோற்கும். வங்கிகள் இணைந்தபோது மாறிய ஐஎஃப்எஸ்சி எண்ணைப் புதுப்பிக்காதவர்களுக்கும் இதே கதி. கணக்கைச் சரிசெய்து ‘ரீஃபண்ட் ரீ-இஷ்யூ’ கேட்டு மறுபடி காத்திருக்க வேண்டும்.

பரிசீலனை முடிந்ததும் 143(1) அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். சிறிய எழுத்தில் பான் எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்ததுதான் அதன் கடவுச்சொல். உள்ளே இரண்டு பத்திகள்: வரி செலுத்துபவர் காட்டியது, துறை கணக்கிட்டது. ஆலோசகரின் கண் முதலில் டிடிஎஸ் வரிசைக்குப் போகும். இரண்டு பத்தியிலும் ஒரே தொகை என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. பழைய ஆண்டு பாக்கி ஏதும் இருந்தால் ரீஃபண்டில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

தாமதத்துக்கு வட்டியும் உண்டு. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டவருக்குப் பிடித்த வரியில் 40,000 ரூபாய் திரும்ப வேண்டும், அது செப்டம்பரில் வருகிறது என்றால், ஏப்ரல் முதல் மாதம் அரை சதவீதம் வீதம் ஆறு மாதத்துக்கு 1,200 ரூபாய் சேரும். ரீஃபண்ட் மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறைந்தால் இந்த வட்டி கிடையாது. வந்த வட்டிக்கும் வரி உண்டு. அடுத்த ஆண்டு ரிட்டர்னில் அதை இதர வருமானமாகக் காட்ட வேண்டும். வாடிக்கையாளர் மறந்தாலும் ஏஐஎஸ் எனும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் அந்த 1,200 பதிவாகியிருக்கும்.