பித்தளைக் கூடு

துப்பாக்கி விஷயத்தில் என்னுடைய அனுபவம் தீபாவளிப் பொட்டுக் கேப்போடு முடிந்துவிட்டது. அப்படிப்பட்டவன் தோட்டாவைப் பற்றி எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். நான் எழுதப்போவது தோட்டாவைப் பற்றிக்கூட அல்ல, அதன் கூட்டைப் பற்றி.

ரைபிள் தோட்டாவுக்கு நாலு அங்கம். பறந்து போகிற குண்டு. அதை உந்துகிற மருந்து. மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு. இந்த மூன்றையும் தாங்கி நிற்கிற பித்தளைக் கூடு. குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, கேப்பு செத்துவிடுகிறது. கூடு மட்டும் கைக்குத் திரும்பி வருகிறது. அமெரிக்காவில் அதைப் பொறுக்கி எடுத்து, தாங்களே மறுபடி மருந்து கெட்டித்துச் சுடுகிறவர்கள் எத்தனையோ பேர். நம் ஊரில் லைசென்ஸ் இல்லாமல் அந்தக் காரியத்தில் இறங்கினால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

ஒஹையோ மாநிலத்தில் என் தங்கை வீட்டில் ஒரு மாசம் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டுக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பட்டறையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த மாநிலத்திலேயே ஈரி ஏரிக்கரையில் காம்ப் பெர்ரி என்று ஓர் இடம். 1907-இல் அங்கே ஆரம்பித்த தேசியச் சுடும் போட்டி இன்றும் நடக்கிறது. கோடை தவறாமல் அதற்குப் போகிறவர் அவர். நான் போயிருந்தபோது நூறு புதுக் கூடுகள் வாங்கி, கார் கொட்டகையில் பரப்பி வைத்திருந்தார்.

“புதுசுதானே? மருந்தைப் போட்டுச் சுட வேண்டியதுதானே?” என்றேன்.

“புதுசு என்றால் தயார் என்று அர்த்தமா?” என்று சிரித்தார்.

பெட்டியில் குலுங்கி வந்ததில் சில கூடுகளின் வாய் நெளிந்திருந்தது. வழவழப்பான எஃகுக் கோலை உள்ளே விட்டு, ஒவ்வொரு கழுத்தையும் வட்டத்துக்குக் கொண்டுவந்தார். அப்புறம் நீளம். அவருடைய ரைபிள் .308 ரகம். அதற்குக் கூடு 2.015 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. எதுவும் அதைத் தாண்டவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. நூறிலும் குட்டையானதைப் பொறுக்கி எடுத்து, மற்றதையெல்லாம் அதன் உயரத்துக்குச் சீவினார். சீவின வாயில் பிசிர் நிற்கும். குண்டைச் செருகும்போது அதன் தோலை வழித்துவிடும். ஆகவே உள்ளும் புறமும் இழைத்தார். கூட்டின் அடியில், கேப்பின் நெருப்பு உள்ளே பாய ஊசித் துவாரம் ஒன்று உண்டு. ஆலையில் அதைக் குத்தித் துளைக்கும்போது உட்பக்கம் பிசிர் தங்கினால் நெருப்பு கூட்டுக்கு ஒரு தினுசாகப் பாயும். அதையும் சுரண்டினார். பிறகு கழுத்துச் சுவரின் கனத்தைச் சுற்றிலும் அளந்தார். ஒரு பக்கம் ஆயிரத்தில் 2 பங்கு அங்குலம் கூடினாலும் அந்தக் கூடு தனியே போயிற்று. தலைமயிரின் பருமன் ஏறக்குறைய ஆயிரத்தில் 3 பங்கு!

கடைசியில் தராசு. நிறுப்பது கிரெயின் கணக்கில்; 7000 கிரெயின் ஒரு ராத்தல். கிரெயின் என்றால் தானியமணி. நம் ஊர்த் தட்டார் குன்றிமணியும் நெல்லும் வைத்துப் பொன் நிறுத்த வம்சம்தான் அதுவும். வெளியளவு ஒன்றாக இருந்து எடை மட்டும் கூடினால் சுவர் கனம் என்று அர்த்தம். உள்ளே இடம் குறையும். அதே மருந்து அதிகமாக அழுத்தும். அந்த அழுத்தம் லேசானதல்ல. கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 ராத்தல் காற்று அடிக்கிறோமே, இங்கே ஏறக்குறைய 60,000 ராத்தல்.

பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று புரிந்தது. அவர் நல்ல கூட்டைத் தேடவில்லை; ஒரே மாதிரியான கூட்டைத் தேடினார். நூறும் கனமாக இருந்தால் அவருக்குச் சம்மதம். அந்தக் காலத்தில், அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள் ஷூட்ஸன் என்று சுடும் போட்டிகள் நடத்தினார்கள். அவர்களில் பலர் ஒரே ஒரு கூட்டை வைத்துக்கொண்டு, சுடச் சுட அதிலேயே மருந்து கெட்டித்து நாளைப் போக்கிவிடுவார்களாம். இருப்பதே ஒன்று என்றால் வித்தியாசத்துக்கு இடம் ஏது?

இத்தனைக்கும் பிறகு முதல் வெடிதான் பாக்கி. வெடிக்கும்போது கூடு விரிந்து துப்பாக்கியின் அறையோடு ஒட்டி, மறு கணமே கொஞ்சம் சுருங்கி விடுபடுகிறது. அதற்குள் அந்த அறையின் வடிவம் அதில் படிந்துவிடுகிறது. அப்புறம் அது அந்தத் துப்பாக்கிக்கே வாழ்க்கைப்பட்ட கூடு.

ஒரு கூட்டின் கழுத்தில் நீலம் பாரித்த கறையைக் காட்டி, “இது அழுக்கல்ல, அனல் பட்ட தழும்பு. இதில் உங்கள் தேசத்துக் கதை ஒன்று இருக்கிறது” என்றார். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையை அழுத்தி இழுத்துத்தான் கூடு செய்கிறார்கள். இழுத்த இறுக்கம் உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும். வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தியாவில் மழைக்காலத்துக்குத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்களாம். யாரும் தொடாமலே கூடுகள் விரிசல் கண்டன. 1921-இல்தான் காரணம் விளங்கிற்று. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, உள்ளே இருந்த இறுக்கத்தோடு சேர்ந்து பித்தளையைப் பிளந்திருக்கிறது. பரிகாரம், அளவாகச் சூடு காட்டி இறுக்கத்தைத் தளர்த்துவதுதான்.

“இவ்வளவு பாடும் எதற்கு?” என்றேன்.

“காகிதத்தில் ஓட்டை போட. முதல் ஓட்டையிலேயே மற்றதும் விழ வேண்டும்” என்றார். வாலிபத்தில் ஒரு மான் அடித்தாராம். அதோடு போதும் என்று விட்டுவிட்டாராம்.

அன்று தங்கையின் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, “மாமா, இன்னிக்கு எங்களுக்கு ஒளியற பயிற்சி” என்றாள். விளக்கை அணைத்துவிட்டு, கதவுக்கு மறைவாகத் தரையில் உட்கார்ந்து, மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டுமாம். துப்பாக்கியோடு ஒருவன் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒத்திகை. 2012-இல் கனெக்டிகட் மாநிலத்தில் நியூடவுன் என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்துக்குள் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுடப்பட்டு மாண்டார்கள். அப்படிப்பட்ட தேசத்தில் இந்த ஒத்திகை தேவைதான். குழந்தை அதை ஏதோ விளையாட்டைப் போலச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் கொட்டகையில் இதைச் சொன்னேன். வாதத்துக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அந்தக் கொலைகாரனுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கெல்லாம் எதற்கு என்று அவர் கேட்டிருக்கலாம். அது நியாயமாகவும் இருந்திருக்கும். அவர் அப்படிக் கேட்கவில்லை.

“என் பேத்தியும் அதே பள்ளிக்கூடந்தான்” என்றார்.

தராசில் இருந்த கூட்டை எடுத்தார். எடையைக் குறிக்காமலே பெட்டியில் வைத்தார். கூடு, கேப்பு, மருந்து எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்தார். ரைபிளை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டடி நடந்தவர், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தார்.

அந்த ஒரு மாசத்தில் அவர் செய்து நான் பார்த்த நுட்பமான வேலைகளில் அதுவும் ஒன்று.