ஏலிமில் பாளயமிறங்கியவர்கள்

யாத்திராகமத்தின் பதினைந்தாம் அதிகாரத்தை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் அதன் ஆரவாரத்திலேயே லயித்துவிடுகிறார்கள். செங்கடலைக் கடந்த ஜனங்களின் வெற்றிப் பாட்டும், தம்புருவைக் கையிலெடுத்துக்கொண்டு ஸ்திரீகளோடு ஆடிப்பாடிய மிரியாமின் உற்சாகமும், பிறகு சூர் வனாந்தரத்தில் மூன்று நாள் தண்ணீரின்றி நடந்து, மாராவில் கடைசியாகக் கண்ட தண்ணீரும் கசக்கவே மனம் நொந்து முறுமுறுத்த ஜனங்களின் தாபமும், மோசே ஒரு மரத்தை அதில் போட்டதும் அந்த நீர் மதுரமாய் மாறிய அற்புதமும் ஆகிய இத்தனையும் சொல்லி முடித்த பின்பு, யாரும் பாடாமல், யாரும் முறுமுறுக்காமல், அற்புதம் எதுவும் நிகழாமல், கடைசி வசனமாக ஏலிம் வந்து போகிறது. அங்கே பன்னிரண்டு ஊற்றுகள், எழுபது பேரீச்சைகள், தண்ணீரின் ஓரத்தில் கூடாரங்கள். அவ்வளவுதான் செய்தி. அடுத்த அதிகாரம் ஆரம்பிக்கும்போது எகிப்தைவிட்டுப் புறப்பட்டு ஒரு மாதமாகியிருக்கிறது. ஜனங்கள் ஏலிமைவிட்டுச் சீன் வனாந்தரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். முறுமுறுப்பும் மறுபடி தொடங்கிவிடுகிறது.

இந்த ஒற்றை வசனத்தின்மீது பெரியோர் செலுத்திய சிந்தனை கொஞ்சநஞ்சமன்று. அலெக்சாந்திரியாவின் யூத ஞானியாகிய பிலோ, பன்னிரண்டு ஊற்றுகளில் பன்னிரண்டு கோத்திரங்களையும், எழுபது மரங்களில் எழுபது மூப்பர்களையும் கண்டார். திருச்சபையின் ஆதி வியாக்கியானிகளோ, அப்போஸ்தலர் பன்னிருவரையும், இயேசு ஊர்தோறும் அனுப்பிய சீஷர் எழுபதுபேரையும் கண்டார்கள். எண்ணாகமம் முப்பத்துமூன்றாம் அதிகாரத்தில் நாற்பத்திரண்டு பாளயங்களின் ஜாபிதா ஒன்று இருக்கிறது. ஒரிகேன் அதை ஆத்துமா படிப்படியாய் ஏறிச் செல்லும் மார்க்கமாக விரித்துப் பிரசங்கித்தார். ஜெரோம் அதைப் பற்றி ரோமாபுரியின் பபியோலா என்ற சீமாட்டிக்காக ஒரு நீண்ட நிருபமே எழுதினார். இவ்வியாக்கியானங்களை நான் பக்தியோடு படித்திருக்கிறேன். ஆனாலும் என் மனம் அந்த எண்களைக் காட்டிலும் அந்த மரங்களிடத்திலேயே தங்கிவிடுகிறது. பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பாளையின் மகரந்தத்தை மனிதன் ஏறிப் பெண் பாளையில் சேர்த்தாலன்றிச் செழிப்பான காய்ப்பு கிடைப்பதில்லை என்பதை மேற்காசியாவின் குடியானவர்கள் மிகப் புராதன காலத்திலேயே அறிந்திருந்தார்கள். பாலைவனத்து ஊற்றோ, ஆண்டுதோறும் மணலை வாரி எடுக்கிறவர்கள் இல்லாவிட்டால் தூர்ந்து போகும். ஏலிம் என்று பலரும் கருதுகிற இடம் சீனாய் தீபகற்பத்தின் மேற்கோரத்திலுள்ள வாடி கரண்டல் என்னும் பள்ளத்தாக்கு. இன்றும் அங்கே ஊற்றும் பேரீச்சையும் உண்டு. அப்படியானால், இஸ்ரவேலர் வந்து இறங்குவதற்கு முன்பே, அந்த ஊற்றுகளைத் தூர்வாரியும் அந்த மரங்களில் ஏறி இறங்கியும் யாரோ பாடுபட்டிருக்க வேண்டும் என்பது என் துணிபு. வேதம் அவர்களுடைய பெயரைச் சொல்லவில்லை. மாராவின் தண்ணீரைக் கர்த்தர் மதுரமாக்கினார்; ஏலிமின் தண்ணீரையோ, பெயர் தெரியாத மனிதரின் கைகளைக் கொண்டு முன்கூட்டியே ஆயத்தம் பண்ணி வைத்திருந்தார்.

ஏலிமை எங்கள் தென்பாண்டிச் சீமையார் புரிந்துகொண்டது வியாக்கியானங்களின் மூலமாக அன்று. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணலில், காற்றடிக்கும் மாதங்களில் கண்ணைத் திறக்க முடியாத ஒரு பொட்டலில், 1830களின் இறுதியில் வேல்ஸ் தேசத்து ஜான் தாமஸ் ஐயர் வந்து குடியேறிக் கிணறுகளை வெட்டுவித்து, மரங்களை நட்டு, அந்த மணற்காட்டை மெய்ஞ்ஞானபுரம் என்ற சோலையூராக்கியதை அவர்கள் கண்ணாரக் கண்டார்கள். வானளாவிய கோபுரத்தோடு அங்கே நிற்கும் ஆலயத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். என் பாட்டியோ கோபுரத்தைப் பற்றிப் பேசிய நினைவே எனக்கில்லை. கிணறுகளைப் பற்றித்தான் பேசுவாள். எந்தக் கிணற்றில் எத்தனை கமலை இறைத்தது, எந்தக் கோடையில் எது வற்றாமல் நின்றது என்பதெல்லாம் அவளுக்கு வேத வசனங்களைப் போலவே மனப்பாடம். ஏலிமின் எழுபது மரங்களை அவள் பனைமரங்கள் என்றே கடைசிவரை எண்ணியிருந்தாள். திருத்த வேண்டிய அவசியம் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பனங்காட்டு ஜனங்களில் பலரும், அவர்களைப் போலவே வட ஆர்க்காட்டிலிருந்தும் ஆந்திர தேசத்திலிருந்தும் வேறு பல ஜில்லாக்களிலிருந்தும் புறப்பட்ட பற்பல மதத்தினரும், ஜீவனத்தை நாடிச் சென்னைக்கு மேற்கே வந்து இறங்கியது சுதந்தரத்துக்குப் பிற்பட்ட சரித்திரம். யுத்த காலத்தில் இராணுவப் பாளயமாக விரிந்த ஆவடி, 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபையைக் கூட்டுவதற்கென்று எழுப்பப்பட்ட தாற்காலிக நகரத்தால் தேசமெங்கும் பெயர் பெற்று, சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தோடு சரித்திர நூல்களில் இடம் பிடித்துக்கொண்டது. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை 1949-இலேயே வந்துவிட்டது. 1961-இல் ஆவடியில் டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும், அதற்குச் சில ஆண்டுகள் பின்னால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வந்தன. முதலில் வாடகைக் குடித்தனம், பிறகு குவார்ட்டர்ஸ், பிறகு கடன் வாங்கிக் கட்டிய சொந்த வீடு என்று பாளயம் நிலைத்துப் போயிற்று. அவ்வீடுகளின் வாசலில் பெத்தேல், எபெனேசர், ஏலிம் என்ற பெயர்களை இன்றும் காணலாம். வீட்டுக்கு ஏலிம் என்று பெயர் வைக்கிற மனிதன், மூன்று நாள் தாகத்தையும் மாராவின் கசப்பையும் தன் வாழ்வில் கண்டவன் என்றே நான் எப்பொழுதும் எண்ணுகிறேன்; அந்தப் பெயர்ப்பலகை எனக்கு ஒரு சிறு சுயசரிதமாகத் தோன்றும்.

நாங்கள் வந்து இறங்கிய இடத்திலும் ஊற்றுகள் முன்பே இருந்தன. அவை ஏரிகள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் அதன் உபரி கொரட்டூர் ஏரிக்கும், கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கும் போகும்படி, மேட்டையும் தாழ்வையும் கண்ணால் அளந்தே கரை போட்டு, மதகு வைத்து, கலங்கல் கட்டிய முன்னோர்களின் பெயரும் நமக்குத் தெரியாது. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி; பூந்தமல்லிக்கு அப்பால், 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்டு ஒரு மாநகரத்துக்கே தண்ணீர் வார்க்கும் செம்பரம்பாக்கம். நெல் விளைவிப்பதற்காக வெட்டிய நீர்நிலைகளின் கரையில், நெல்லை ஒருபோதும் விளைவிக்காத நாம் குடியேறினோம். கரையை உயர்த்துவதற்கும் வரத்துக்கால்வாயைத் தூர்வாருவதற்கும் ஊர்கூடிச் செய்த குடிமராமத்து, வயல்கள் மறைந்தபோது தானும் மறைந்தது. அதற்குப் பதிலாக நாம் அந்த ஏரிகளுக்குள் விட்டது நம்முடைய சாக்கடையைத்தான். அம்பத்தூரின் கழிவு கொரட்டூர் ஏரியில் வந்து சேருவதைப் பொறாத ஊர்மக்கள் திரண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்காட நேர்ந்தது. பெயரில்லாத முன்னோர் ஏலிமாக விட்டுச்சென்றதை மாராவாக்கியவர்கள் நாமே.

2019-ஆம் வருஷத்துக் கோடையில் அதன் பலன் பிரத்தியட்சமாயிற்று. மழை பொய்த்தது உண்மை. ஆனால் மழை பொய்த்த வருஷங்களைத் தாங்குவதற்கென்றே அல்லவோ ஏரிகள்! செம்பரம்பாக்கத்தின் அடிமண் வெடித்துக் கிடந்தது. லாரி வருகிற நேரம் தெரியாமல் குடங்களைத் தெருவில் வரிசையாக வைத்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்தோம். ஜூலை 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரைச் சுமந்துகொண்டு, முதல் ரயில் ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்து வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. ஏரிகள் சூழ்ந்த ஊர்களின் நடுவே, வேறொரு ஜில்லாவின் தண்ணீர் தண்டவாளத்தில் போயிற்று.

அந்த நாட்களில்தான் பாளயத்தைப் பற்றிய மற்ற வேதபாகங்களை நான் வேறொரு கவனத்தோடு வாசிக்கலானேன். காதேசிலிருந்து ஏதோமின் ராஜாவுக்கு மோசே ஸ்தானாபதிகளை அனுப்புகிறான். வயல்களுக்குள்ளும் திராட்சத்தோட்டங்களுக்குள்ளும் நுழையமாட்டோம், கிணற்றுத் தண்ணீரைத் தொடமாட்டோம், ராஜபாதை வழியே நேராய்ப் போய்விடுகிறோம் என்பது அவனுடைய விண்ணப்பம். ராஜா மறுக்கவே, நாங்களோ எங்கள் மிருகங்களோ குடித்தால் அதற்குக் கிரயம் தருகிறோம் என்று மறுபடியும் சொல்லியனுப்புகிறார்கள். கன்மலையைப் பிளந்து தண்ணீர் பெற்ற ஒரு ஜனம், பிறர் வெட்டிய கிணற்றின் முன்னால் இவ்வளவு பணிவோடு நிற்கிறது! உபாகமம் இருபத்துமூன்றாம் அதிகாரத்திலோ இதைவிடச் சூட்சுமமான கட்டளை ஒன்று உண்டு. ஒவ்வொருவனும் தன் ஆயுதங்களோடு தோண்டுவதற்கு ஒரு கோலையும் வைத்திருக்க வேண்டும். மலஜலத்துக்குப் பாளயத்துக்குப் புறம்பே போய், அந்தக் கோலால் மண்ணைத் தோண்டி மூட வேண்டும். ஏனெனில் கர்த்தர் அந்தப் பாளயத்தின் நடுவே உலாவிக்கொண்டிருக்கிறார். பாளயத்தின் பரிசுத்தத்தை ஆசரிப்புக் கூடாரத்தின் பொன்னிலும் தூபத்திலும் விஸ்தாரமாய் வருணித்த அதே வேதம், ஒரு சாதாரணப் போர்ச்சேவகன் இடுப்பில் செருகிய அந்தக் கோலிலும் அதைக் காண்கிறது. பிரசங்கங்களில் இந்தப் பகுதியை நான் கேட்டதில்லை. பீடத்திலிருந்து வாசிக்கத் தகாதது என்ற கூச்சமாக இருக்கலாம்; ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட புருஷர்கள் இலக்கமிடப்பட்ட ஒரு பாளயத்தில், அந்தக் கோல் இல்லாதிருந்தால் எந்த ஊற்று எத்தனை நாள் குடிநீராக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பவர்களுக்குக் கூச்சம் இருக்காது.

இஸ்ரவேலர் ஏலிமில் தங்கியது சில காலமே. புறப்பட்ட பின் அந்த ஊற்றுகள் அடுத்த வழிப்போக்கனுக்கு உதவின. நாமோ புறப்படப்போகிறவர்கள் அல்லர். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறோம்; நம் பிள்ளைகளுக்கு இதுதான் சொந்த ஊர். ஆகையால், எங்கள் பக்கத்துப் போதகர்களிடம் நான் பல நாளாகச் சொல்லிவருகிற விண்ணப்பம் ஒன்றை இங்கேயும் எழுதிவிடுகிறேன்: ஏரிக்கரை ஓரத்தில் எழும்பும் ஒரு புது வீட்டின் பிரதிஷ்டைக்கு அழைக்கப்பட்டுப் போகும்போது, யாத்திராகமத்தின் அந்த ஒற்றை வசனத்தோடு உபாகமத்தின் அந்த மூன்று வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள், ஜெபம் முடிந்து, பலகாரம் பரிமாறுவதற்கு முன்னால், அந்த வீட்டின் கழிவுநீர்க்குழாய் எங்கே போய் முடிகிறது என்று வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேளுங்கள்.