பிரேக் இன்ஸ்பெக்டரின் கடைசி வரி

விபத்து வழக்குக் கட்டு கைக்கு வந்தால், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையைக் கடைசி வரியிலிருந்துதான் படிப்பேன். 'விபத்து இயந்திரக் கோளாறினால் ஏற்பட்டதல்ல' என்று அங்கே இருக்கும். கால் பிரேக், கை பிரேக், ஸ்டியரிங், விளக்கு, ஹாரன் எல்லாம் சரி என்று வரிசையாக டிக் அடித்த பிறகு வரும் வாக்கியம் அது. அந்த ஒரு வரி போதும், முழுப் பழியும் ஓட்டுநர் தலையில் இறங்கிவிடும்.

குரங்கணிக்கு மேலே ஒரு காபித் தோட்டத்துக்கு ஏறும் மண்பாதையில் நடந்த விபத்து. ஏற்றத்தில் ஜீப்பை நிறுத்தி, முதல் கியரில் விட்டு, கை பிரேக்கை இழுத்துவிட்டு ஓட்டுநர் இறங்கினார். பின்னால் மூட்டை ஏற்ற நின்றிருந்தவர் அவருடைய அக்கா கணவர். வண்டி பின்னோக்கி உருண்டு அவரைச் சாய்த்தது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இந்திய தண்டனைச் சட்டம் நடப்பில் இருந்த காலம். 279, 338 பிரிவுகளில் குற்றப்பத்திரிகை. கை பிரேக் போடாமல் இறங்கினார் என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம்.

"போட்டேன் சார். கால் பிரேக்க விட்டதும் அடியில டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் வண்டி நிக்கல" என்றார். மச்சானிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். அவர் நம்பவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்த அக்கா பட்ட பாடு தனிக் கதை.

கை பிரேக் போட்டிருந்தால் வண்டி ஏன் நிற்கவில்லை? இதற்கு விடை தெரியாமல் குறுக்கு விசாரணைக்குப் போக முடியாது. ஜீப்பிலேயே முடி நரைத்த ஒரு மெக்கானிக்கைத் தேடிப் போனேன். "கை பிரேக்கு சக்கரத்துல இருக்குன்னா நினைச்சீங்க?" என்றார் அவர்.

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்த பழைய வண்டிகளில், கியர் பாக்ஸின் முதுகில் ஒட்டிக்கொண்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கும். இன்ஜினின் சக்தியை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பெட்டி அது. கை பிரேக்கின் டிரம், அந்தப் பெட்டியிலிருந்து பின்பக்கம் வெளியே வரும் தண்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, தண்டை. தண்டு புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும், ஷாஃப்ட் ஆக்சிலைப் பிடிக்கும், ஆக்சில்தான் சக்கரத்தைப் பிடிக்கும். வண்டியை முதல் கியரில் விட்டு நிறுத்தினாலும் அந்தப் பிடிமானம் இதே ஷாஃப்ட் வழியாகத்தான் போகிறது. மெக்கானிக் சொன்னார்: "ரெண்டு கயிறு போட்டு மாட்டக் கட்டுறீங்க, ரெண்டையும் ஒரே முளையில கட்டுறீங்க. முளை பிடுங்கிக்கிட்டா?"

முளை பிடுங்கிக்கொண்டது எப்படி என்பதற்கான தடயம் போலீஸ் கட்டிலேயே கிடந்தது. பார்வை மகஜர் எழுதியவர் கவனமான மனிதர். சம்பவ இடத்தில் 'கிரீஸ் பிசுக்குடன் வட்டமான சிறிய இரும்பு மூடி ஒன்று, உள்ளே ஊசி போன்ற மெல்லிய கம்பிகள் சில' என்று குறித்து, அதைக் கைப்பற்றியும் வைத்திருந்தார். அது என்ன பொருள், ஏன் அங்கே விழுந்தது என்று விசாரணையில் யாரும் கேட்கவில்லை. சா.பொ.1 (சான்றுப் பொருள் 1) என்று சீட்டு ஒட்டப்பட்டு, துணிப்பையில் கட்டி நீதிமன்றத்துக்கு வந்திருந்தது.

ஆய்வாளர் கூண்டில் ஏறினார். ஆய்வு எங்கே நடந்தது? அலுவலக வளாகத்தில். வண்டி எப்படி வந்தது? உரிமையாளர் தரப்பில் ஓட்டி வந்தார்கள். நீங்கள் ஓட்டிப் பார்த்தீர்களா? பார்த்தேன், கை பிரேக் நன்றாகப் பிடித்தது. சா.பொ.1-ஐக் கையில் கொடுக்கச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "யூஜே கிராஸோட கப்" என்றார். புரொப்பல்லர் ஷாஃப்டை இணைக்கும் கிராஸில் நான்கு கப் உண்டு, அதில் ஒன்று. இது கழன்று விழுந்த வண்டி ஓடுமா? ஓடாது என்றார். அத்தோடு உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் என் வாயாலேயே பதில் வாங்கிக் கெடுத்திருப்பேன்.

ஆனால் அரசுத் தரப்பில் இருந்தவர் சும்மா விடுகிற ஆள் இல்லை. இந்த கப் வேறு ஏதாவது வண்டியிலிருந்தும் விழுந்திருக்கலாம் அல்லவா என்று மறுவிசாரணையில் கேட்டு, 'இருக்கலாம்' என்ற பதிலை வாங்கிக்கொண்டார். அந்தப் பாதையில் தினமும் ஜீப் போகிறது, நியாயமான பதில்தான். ஆகவே குற்றவியல் நடைமுறைச் சட்டம் 311-ன் கீழ் மனுப் போட்டேன்: வண்டியைக் கொண்டுவர வேண்டும், அதே ஆய்வாளர் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். மாற்றம் ஏதும் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் உரிமையாளர் வண்டியை மீட்டிருந்தார். மனு ஏற்கப்பட்டது.

வளாகத்தில் வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து ஆய்வாளர் ஜீப்புக்கு அடியில் போனார். கிராஸ் புத்தம் புதுசு, நிப்பிளில் பெயிண்ட் கூடப் போகவில்லை. கிராஸ் மட்டும்தான் போய்விட்டது என்று உரிமையாளர் நினைத்து, முதல் ஆய்வுக்கு முன்பே அதை மாற்றியிருக்கிறார். அதைத் தின்ற இடம் அப்படியே இருந்தது. கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து குறுக்குச் சட்டத்தின் மேல் ஒரு ரப்பர் மவுண்டிங்கில் உட்கார வேண்டும். இங்கே ரப்பர் மவுண்டிங் இல்லை. லாரி டயரில் அறுத்த ஒரு துண்டு, நைலான் நூல் பிதுங்கிக்கொண்டு நசுங்கிக் கிடந்தது. வட்டமாக இருக்க வேண்டிய போல்ட் துளை நீண்டு முட்டை வடிவமாகியிருந்தது. சட்டத்தில் பெட்டி உரசி உரசி ஒரு கோடு பளபளத்தது. வண்டியை ஸ்டார்ட் செய்து, கால் பிரேக்கை மிதித்தபடி கிளட்சை மெல்ல விடச் சொன்னார். கியர் லீவர் ஒரு பக்கம் சாய்ந்து தரைத் தகட்டில் இடித்தது. "பாக்ஸே எழுந்திருக்குதே" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

அந்த வண்டியில் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் வைத்திருந்தார்கள். மலையோரத்தில் இது சர்வ சாதாரணம். புது இன்ஜினுக்குப் பெட்டியை நகர்த்தி, சட்டத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கனமும் உதறலும் கூடிப்போயின. பழைய கியர் பாக்ஸில் முதல் கியர் 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸில் 'லோ' போட்டால் அது இன்னும் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெருகும். ஷாஃப்டில் இறங்கும் திருகுவிசை இன்ஜினுடையதைப் போல் 6 மடங்குக்கு மேல். அதே விசைதான் பெட்டியை எதிர்ப்பக்கம் புரட்டப் பார்க்கிறது. அதைத் தாங்குவதற்கு ஒரு டயர் துண்டு. பெட்டி சாயச் சாய ஷாஃப்டின் கோணம் கெடுகிறது, கிராஸ் தேய்கிறது. கால் பிரேக்கை விட்ட நொடியில் வண்டியின் முழுப் பாரமும் அந்தத் தேய்ந்த கிராஸில் வந்து விழுந்தது. நாலு சக்கர லீவர் போட்டிருந்தால் முன் ஆக்சிலாவது பிடித்திருக்குமே என்று கேட்கலாம். டீசல் மிச்சம் பிடிக்க முன் ஷாஃப்டை உரிமையாளர் எப்போதோ கழற்றி வீட்டில் போட்டுவிட்டார்.

இரண்டாவது அறிக்கையில் இவ்வளவையும் ஆய்வாளர் ஒளிக்காமல் எழுதினார். முதல் அறிக்கையை அவரே மாற்றி எழுத நேர்ந்ததில் அவருக்குச் சங்கடம்தான். ஆனாலும் எழுதினார், அது பெரிய விஷயம். சந்தேகத்தின் பலனை ஓட்டுநருக்குக் கொடுத்து நடுவர் விடுதலை செய்தார்.

எனக்கு உள்ளூர ஒரு கவலை இருந்தது. அடிபட்ட மச்சான் தேனியில் இழப்பீட்டு மனு போட்டிருந்தார். விடுதலைத் தீர்ப்பை இன்சூரன்ஸ் தரப்பு அங்கே தூக்கிக்கொண்டு போனது: ஓட்டுநரிடம் கவனக்குறைவு இல்லை, மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் மனு நிற்காது. மச்சானுக்கு ஆஜரான நண்பருக்கு 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன மினு மேத்தா வழக்கை எடுத்துக் கொடுத்தேன். இயந்திரக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்க வேண்டுமானால், நியாயமான கவனம் செலுத்தியும் கண்டுபிடிக்க முடியாத மறைந்த கோளாறு அது என்று உரிமையாளர்தான் வாதிட்டு நிரூபிக்க வேண்டும். டயர் துண்டு மறைந்த கோளாறா? குனிந்து பார்த்தால் தெரியும். ஓட்டுநரை விடுவித்த அதே அறிக்கை உரிமையாளரைப் பிடித்துக்கொண்டது.

அடுத்து இன்சூரன்ஸ் தரப்பு அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்குத் தாவியது: ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல், வண்டியில் டீசல், அனுமதி இல்லை. தீர்ப்பாயம் அதை ஏற்றது. ஆனால் அடிபட்டவரை அலையவிடவில்லை. முதலில் கம்பெனி கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு.

வசூல் நோட்டீஸ் வந்ததும் உரிமையாளர் என்னிடமே வந்தார், மேல்முறையீடு போட்டுக் கொடுங்கள் என்று. "உங்க டிரைவரை வெளியில எடுத்த வக்கீல் நீங்கதானே, என்னையும் எடுத்துவிடுங்க" என்றார். அவருடைய வண்டிக்கு அடியில் கிடந்ததை வெளியே கொண்டுவந்தவனும் நான்தான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. எதிர்த்தரப்புக்கு உதவிய வழக்கில் உங்களுக்காக நிற்க முடியாது என்று விளக்கி, மாடியில் இருக்கும் வேறொரு வக்கீலிடம் அனுப்பிவைத்தேன்.