காதல் வேண்டும், காவல் வேண்டா!

தனித்து வாழும் பெண்கள் நாம். நம் ஊதியத்தில் நம் உணவு. நம் வீட்டின் சாவி நம் கையில். எந்த நூலைப் படிப்பது, எந்தக் கூட்டத்திற்குச் செல்வது, எப்போது திரும்புவது என்று எவரிடமும் இசைவு கேட்பதில்லை. இனிது இவ்வாழ்வு, இதில் ஐயமில்லை.

எனினும், படித்துச் சுவைத்த ஒரு வரியைப் பகிர்ந்துகொள்ள அருகே ஒருவர் இல்லையே என்று உள்ளம் சில இரவுகளில் வாடுகிறது. மறைப்பானேன்? காதலுக்கு ஏங்குகிறோம்.

"பார்த்தீர்களா! ஆண் துணையின்றிப் பெண்ணுக்கு வாழ்வேது?" என்று பாய்ந்து வருவர் பழமை விரும்பிகள், கையிலே சாதகக் கட்டு, கருத்திலே சாதிக் கணக்கு! பசிக்கிறது என்றவளுக்கு விலங்கையா பரிசளிப்பது?

1929ஆம் ஆண்டு செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையையும், துணையைத் தானே தேரும் உரிமையையும் ஒருங்கே கேட்டது. காரணம் உண்டு. பிழைப்புக்குப் பிறரை நம்பியிருப்பவள் தேடுவது காப்பாளனை. தன் காலில் நிற்பவளே காதலனைத் தேட முடியும்! சுயமரியாதைத் திருமணத்தை 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே வருபவர் யார் என்பதை நாமன்றோ முடிவு செய்யவேண்டும்?

ஆகவே, நம் ஏக்கம் விடுதலையின் தோல்வியன்று. விடுதலை பெற்ற நெஞ்சின் விருப்பம். தோழராக வருபவரை வரவேற்போம். எசமானராக வருபவருக்குத் தாழிட்ட கதவே விடை. அதுவரை ஏங்குவோம், ஆனால், ஏங்கினும் இரவோம்!