பனிக்கு வெளியே கற்ற பாடம்

போட்டி முடிந்துவிட்டது. வெண்கலப் பதக்கமும் கைக்கு வந்துவிட்டது. மிச்சம் இருந்தது ரசிகர்களுக்கான காட்சி நிகழ்ச்சி மட்டும்தான்.

2016 ஜனவரி. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரம். 16 வயது நேதன் சென், காற்றில் நான்கு முறை சுழன்று இறங்கும் 'குவாட்' தாவலுக்கு முயன்றார். இடது இடுப்பில் பலத்த காயம். அதே போட்டியில்தான் ஒரே ஆட்டத்தில் நான்கு குவாட்களைச் செய்து அமெரிக்காவையே அசத்தியிருந்தார்.

வளரும் வயதில் எலும்பின் ஓரங்கள் முழுதாக இறுகியிருக்காது. தசை ஓங்கி இழுத்தால், கூடவே எலும்புத் துணுக்கும் பெயர்ந்துவிடும். சென்னுக்கு நேர்ந்தது அந்த வகைக் காயம். அறுவை சிகிச்சை ஆனது. அந்த ஆண்டின் உலகப் போட்டி கைவிட்டுப் போனது.

ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி அவர். சால்ட் லேக் சிட்டியில் 3 வயதிலேயே பனியில் இறங்கியவர். பாலே நடனமும் ஜிம்னாஸ்டிக்ஸும் கற்றவர். உடம்பு வில்லாக வளையும். ஆனால் குவாட் கேட்கும் விலை வேறு.

அந்தத் தாவலில் காற்றில் இருப்பது ஒரு நொடிக்கும் குறைவு. இறங்கும்போதோ உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் ஒற்றைக் காலில் விழும். ஷூ விறைப்பானது, கணுக்கால் தாராளமாக மடங்காது. அதிர்ச்சியை முழங்காலும் இடுப்பும் முதுகும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். சுழல்வது எப்போதும் ஒரே பக்கம் என்பதால், அடி வாங்குவதும் எப்போதும் ஒரே கால்.

இதைத் தாங்கும் பலத்தைப் பனியில் மட்டுமே பழகி வாங்க முடியாது. அதற்குத்தான் 'ஆஃப் சீசன்'. மார்ச்சில் உலகப் போட்டி முடிந்தால், பெரிய போட்டிகள் மறுபடி சூடுபிடிப்பது இலையுதிர் காலத்தில்தான். இடைப்பட்ட மாதங்களில் முதலில் ஓய்வு. பிறகு ஜிம். எடையோடு உட்கார்ந்து எழுவது, ஒற்றைக்கால் தோப்புக்கரணம், வயிற்றுத் தசைக்கு பிளாங்க், பெட்டியிலிருந்து குதித்துச் சத்தமில்லாமல் இறங்குவது, சாதாரண ஷூவோடு தரையில் சுழன்று பழகுவது. பலம் குறைந்த காலுக்குக் கூடுதல் கவனம். போட்டி நெருங்க நெருங்க, சேர்த்த பலம் கரையாத அளவுக்கு மட்டும் பயிற்சியைக் குறைத்துக்கொள்வார்கள்.

"எடை தூக்கினால் உடம்பு பெருத்துவிடுமே, எப்படித் தாவுவது?" என்ற பயம் இந்த விளையாட்டில் உண்டு. சரியாகத் திட்டமிட்டால், உடம்பு பெருக்காமலே பலம் கூடும்.

காயத்துக்குப் பிறகு சென், பயிற்சியின் மூலம் உடலைத் தேற்றிக்கொண்டார். பனியில் பறந்து பழகிய பிள்ளைக்குத் தரையில் ஒவ்வொரு தசையாக எழுப்பும் வேலை. பார்க்க ரசிகர்கள் இல்லை, கைதட்டல் இல்லை.

ஒரே ஆண்டில், 2017 ஜனவரியில், தேசியப் போட்டிக்குத் திரும்பி ஒரே ஆட்டத்தில் ஐந்து குவாட்கள் செய்தார். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் சறுக்கி 17-வது இடம். மறுநாளே ஆறு குவாட்களோடு ஆடி 5-வது இடத்துக்கு ஏறினார். 2022-ல் பெய்ஜிங்கில் தங்கம். அது அவருடைய அம்மாவின் சொந்த ஊர்.

இந்த வெற்றிக்கு ஜிம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தாவும் ஆசைக்கு முன்னால் தாங்கும் பலம் வேண்டும் என்பதை 16 வயதில், வலியோடு கற்றார் அவர். பிள்ளைகளை எந்த விளையாட்டில் சேர்த்திருக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும். போட்டியில்லாத மாதங்கள் வீண் மாதங்கள் அல்ல.

அடுத்த முறை டிவியில் ஒரு ஸ்கேட்டர் சுழன்று இறங்கும்போது, முகத்தின் சிரிப்போடு அந்த ஒற்றைக் காலையும் கொஞ்சம் பாருங்கள்.